கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே

கோடம்பாக்கத்து வீட்டுமனைப் பத்திரங்கள் பலவற்றில் அந்த இடம் இன்றளவும் 'புலியூர் கிராமம்' என்றே குறிக்கப்படுகிறது. சினிமா ஸ்டுடியோக்கள் வந்து, மேம்பாலம் வந்து, தனி வீடுகள் இடிபட்டு அடுக்ககங்களாகி, ஊரின் முகமே மாறிய பிறகும் பதிவேடு மட்டும் அதைக் கிராமம் என்று சொல்வதை விடவில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி 1923 முதல் வற்றடிக்கப்பட்டு, அதன் படுகையில் தியாகராய நகர் உருவானபோது, அதற்கு மேற்கே கிடந்த ஊர்களும் நகரத்தின் வெளிவிளிம்பிலிருந்து மெல்ல உள்ளே இழுக்கப்பட்டன. மனைகள் கிரவுண்ட் கணக்கில், அதாவது 2,400 சதுர அடி ஒரு கிரவுண்ட் என்னும் சென்னைக்கே உரிய அளவில், பிரித்து விற்கப்பட்டன. ஒவ்வொரு மனையிலும் வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே கொஞ்சம் மண் விடப்பட்டது. அந்த மண்ணில் எதை விளைவிப்பது தகும், எதை விளைவிப்பது வீண் என்பது மேலோட்டமாகத் தோன்றுவதைவிடச் சற்றுச் சிக்கலான கேள்வி.

முதலாவதாக, இந்த முன்பக்க நிலம் பத்திரத்தில் உள்ள அளவுக்கு மண்ணாக இருப்பதில்லை. சாலையின் அகலத்தைப் பொறுத்து வீட்டின் முன் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று கட்டட விதிகள் வகுத்திருந்தாலும், அந்த இடத்துக்குள்தான் சென்னைப் பேச்சில் 'சம்ப்' எனப்படும் தரைத்தொட்டியும், கழிவுநீர்ச் சேம்பரும், மின்வாரியப் பெட்டியும், 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்புக் குழியும், ஒரு காரும், இரண்டு ஸ்கூட்டர்களும் இடம் கேட்கின்றன. கோலம் போடுவதற்கு வாசலில் சிமென்ட் தளம் வேண்டும்; அதையும் கழித்தால் எஞ்சுவது மதிலை ஒட்டி மூன்று நான்கடி அகலத்தில் ஓடும் ஒரு கீற்று நிலம்தான். தோட்டக்கலை நூல்கள் பேசும் வீட்டுத்தோட்டத்துக்கும் இந்தக் கீற்றுக்கும் உள்ள தொலைவை ஒப்புக்கொண்ட பிறகே மேற்கொண்டு பேச முடியும்.

அந்தக் கீற்று எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. விதை வாங்குவோர் பெரும்பாலும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னை பூமத்தியரேகைக்கு வடக்கே 13 பாகையில் அமைந்திருப்பதால், ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நில்லாமல் சற்று வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. ஆகவே வடக்குப் பார்த்த வீட்டின் முன்வாசல் கத்திரி வெயிலில் வெந்துவிட்டு, மார்கழியிலும் தையிலும் வீட்டின் நிழலுக்குள்ளேயே கிடக்கும். கத்தரியும் தக்காளியும் செழிக்கக்கூடிய இதமான பருவம் அந்த மார்கழி, தை, மாசிதான். எனவே வடக்கு வாசல்காரர் தக்காளி நட்டுத் தோற்றுப்போவதற்கு அவருடைய கைராசியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அத்தகைய வாசலுக்கு நிழல் தாங்கும் வல்லாரை, கொடிப்பசலை, சேப்பங்கிழங்கு, வெற்றிலை ஆகியவையே பொருந்தும். தெற்கு வாசலில் குளிர்காலக் காய்கள் அனைத்தும் வரும். கோடையில் நண்பகல் வெயிலின் கடுமையிலிருந்தும் வீடே அவற்றைக் காக்கும்.

மண்ணும் தெருவுக்குத் தெரு வேறுபடுகிறது. சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் ஆகிய கடலோர, ஆற்றோரப் பகுதிகளில் மணற்பாங்கான மண் இருக்க, தியாகராய நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் ஆகியவை களிமண் படிந்த பகுதிகள். அவற்றின் நடுவே இருக்கும் கோடம்பாக்கத்திலும் குழி தோண்டுவோர் கடப்பாரையில் ஒட்டிக்கொண்டு வரும் கரிய களியைத்தான் காண்கின்றனர், அதுவும் மேலே கொட்டி நிரவப்பட்ட செங்கல் துண்டு, ஜல்லி, காரைக் கழிவு ஆகியவற்றைத் தாண்டிய பிறகு. களிமண்ணில் சத்து உண்டு, ஆனால் நீர் இறங்காது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அப்போது வேர்கள் மூச்சுமுட்டி அழுகுகின்றன. களியை இளக்குவதற்கு மணலைக் கொட்டுவோர் உண்டு, ஆனால் களியும் மணலும் சேர்ந்து காய்ந்தால் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு பச்சைச் செங்கல்தான். மக்கிய இலைதழையும் தொழுவுரமும் கலந்து, தரைமட்டத்துக்கு மேலே முக்கால் அடி உயர்த்திய மேட்டுப்பாத்தியே இங்கு செலவு குறைந்த தீர்வு. தென்னைநார்க் கழிவைச் சேர்ப்பதானால், அதில் உப்பு இருக்கும் என்பதால், இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிய பிறகே சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரால் ஏற்கெனவே தொட்டி விளிம்புகளில் வெள்ளைப்படிவு ஏறும் ஊரில் மேலும் உப்பு சேர்ப்பது தேவையற்றது.

இவ்வளவுக்கும் பிறகு அந்தக் கீற்றில் தக்காளி, வெண்டை, முள்ளங்கி என்று வரிசையாக நடுவது பலருடைய முதல் ஆசையாக இருக்கிறது. ஆனால் 1996இல் திறக்கப்பட்ட கோயம்பேடு மொத்த அங்காடி கோடம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது; அங்கிருந்து தள்ளுவண்டிக்கு வரும் வெண்டையோடு நாலடி நிலம் விலையிலும் போட்டியிட முடியாது, அளவிலும் முடியாது. நான்கு செடி வெண்டை ஒருநாள் நான்கு காய் தரும், மறுநாள் ஒன்று தரும். பொரியலுக்குச் சேர்ப்பதற்குள் முதற்காய் முற்றிவிடும். காய்கறிகளை மாடித்தோட்டத்துக்கு விட்டுவிடலாம். அதற்கென்றே தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14 முதல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் பைகளும் விதைகளும் அடங்கிய தளைகளை வழங்கியது. முன்வாசல் மண்ணின் பலம் வேறு: அங்கே வேர் ஆழமாக இறங்கலாம், செடி பல ஆண்டுகள் நிற்கலாம். எனவே அங்கு நடத்தக்கது, கடை சரியாகத் தராத பொருள். அதாவது, ஒரு கைப்பிடி மட்டுமே தேவைப்படுவது, பறித்த சில மணி நேரத்தில் வாடிவிடுவது, அல்லது குறிப்பிட்ட ஒரு நாளில் கட்டாயமாக வேண்டியிருப்பது.

இந்தக் கடைசி வகைக்கு மாம்பலம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளின் சமையற்கட்டே சான்று. ஏகாதசியன்று உபவாசம் இருந்து மறுநாள் துவாதசிக் காலையில் அதை முடிக்கும் பாரணை உணவில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் இடம்பெற வேண்டும் என்பது வழக்கம். மாதம் இருமுறை இந்தத் தேவை எழுகிறது, அதுவும் பொழுது விடிந்த உடனே. பல வீடுகளின் திவசச் சமையலில் பிரண்டைத் துவையல் இல்லாமல் இலை நிறைவதில்லை. இந்த நாட்களில் அங்காடித் தெருவில் ஒரு கட்டு அகத்திக்காக அலைவதற்கு மாற்றாக, மதிலோரத்தில் ஓர் அகத்தி நின்றால் போதும். அகத்தி மிக விரைவாக வளரும், வலுவற்ற மரம். வெற்றிலைக் கொடிக்கால்களில் அதையே கொடி ஏறுவதற்குத் துணையாக நடுவார்கள். இந்த யுக்தியை வாசலுக்கும் கொண்டுவரலாம்: அகத்தியை ஆளுயரத்தில் நுனி கிள்ளி அடர்த்தியாக்கி, அதன்மேல் ஒரு வெற்றிலைக் கொடியை ஏற்றிவிட்டால், இரண்டடி நிலத்தில் இரண்டு பயிர் நிற்கும், அரை நிழல் வெற்றிலைக்கும் உகந்தது.

சுண்டை மற்றொரு வகையில் கவனத்துக்குரியது. கத்தரியின் நெருங்கிய உறவான இந்த முட்புதர் எந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். வேரழுகலையும் நூற்புழுவையும் கத்தரியைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே சுண்டையை வேர்ச்செடியாகக் கொண்டு அதன்மேல் கத்தரிக் கொம்பை ஒட்டுக்கட்டும் முறை உள்ளது. இவ்வாறு ஒட்டிய கத்தரி ஒரே பருவத்தில் ஓய்ந்துவிடாமல் நீண்டகாலம் காய்க்கிறது. ஒட்டுப்போட மனமில்லாதவருக்கும் நட்டமில்லை. பச்சைச் சுண்டைக்காயை லேசாகத் தட்டி, உப்பிட்ட மோரில் ஊறவைத்துப் பங்குனி வெயிலில் காயப்போட்டால், ஆண்டு முழுவதும் வத்தக்குழம்புக்கு வந்துவிடும்.

பிரண்டை இவை எல்லாவற்றிலும் எளிது. ஒரு கணுவோடு கூடிய துண்டை மண்ணில் செருகி மறந்துவிட்டாலும், நாற்பட்டையாக, கணுக்கணுவாக நீண்டு, பற்றுக்கம்பிகளால் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். அதை உண்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். தண்டின் சாற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், சரியாகப் பதப்படுத்தாவிட்டால் கையும் நாக்கும் அரிக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளம் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுக்களை மட்டும் ஒடித்து, கணுவை நீக்கி, நான்கு ஓரங்களிலும் ஓடும் நாரை உரித்தெடுத்து, எண்ணெயில் பச்சை நிறம் மாறிச் சுருங்கும் வரை வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாயோடு தாராளமாகப் புளி வைத்து அரைப்பதே காலங்காலமான முறை. கடையில் கிடைக்கும் பிரண்டை பெரும்பாலும் முற்றிய தண்டாக இருக்கும். இளங்கொழுந்து கிடைப்பது கொடி வைத்திருப்பவருக்குத்தான். வேலியோரம் தானாக முளைக்கும் முடக்கத்தான், தூதுவளை, மணத்தக்காளி ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

அதிகம் புழங்காத பயிர்களில் சிறகவரைக்கு முதலிடம் தரலாம். நான்கு ஓரங்களிலும் அலையலையாகச் சிறகு விரிந்தது போன்ற காய்களைத் தரும் இந்தக் கொடியின் பிஞ்சு, இலை, பூ, விதை, கிழங்கு ஆகிய அனைத்தும் உண்ணத்தக்கவை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 1975இல் வெப்பமண்டலத்தின் புரதப் பயிர் என்று இதைப் பாராட்டித் தனி அறிக்கையே வெளியிட்டது. ஆனால் இது பகற்பொழுது குறுகும்போது மட்டும் பூக்கும் தாவரம். சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும், அந்த வேறுபாட்டைச் செடி உணர்கிறது. தை மாதத்தில் விதைத்தவர் கோடை முழுவதும் இலையை மட்டும் பார்த்துச் சலித்துப்போவார். ஆடிப்பட்டம் தேடி விதைத்தவருக்குக் கொடி மதிலேறி முடிப்பதற்கும் பகல் குறுகத் தொடங்குவதற்கும் சரியாக இருக்கும்.

தவசிக்கீரை இப்போது நாற்றங்கால்களில் 'விட்டமின் கீரை' என்ற பெயரில் பரவலாக விற்கப்படுகிறது. தவசி முருங்கை என்ற பெயரில் வேறொரு மூலிகையும் இருப்பதால் பெயரை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. குச்சி நட்டால் வளரும், பூச்சி அவ்வளவாக அண்டாது, ஆண்டு முழுவதும் கிள்ளலாம் என்பதெல்லாம் உண்மையே. எனினும் 1990களின் நடுவில் தைவானில் உடல் எடையைக் குறைப்பதற்காக இதைப் பச்சையாக அரைத்துச் சாறாக நாள்தோறும் குடித்த நூற்றுக்கணக்கானோருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கி மூச்சுத்திணறல் ஏற்பட்டது, சிலர் உயிரிழந்தனர். வேகவைத்துப் பருப்போடு கூட்டாக அவ்வப்போது உண்ணும் தென்னிந்திய வழக்கம் அதனின்று வேறானது. கீரைகளை 'ஜூஸ்' ஆக்கும் இன்றைய மோகத்துக்கு முன் இந்தச் செய்தியை வைப்பது அவசியம். டிராகன் பழத்தைப் பொறுத்தவரை, ஒரு சிமென்ட் கம்பம் நட இடமுள்ளவர் வைத்துக்கொள்ளலாம். கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அதிக நீர் கேட்காது, இரவில் விரியும் அதன் பெரிய வெண்பூவே பாதிப் பயன்.

முருங்கையை வீட்டின் முன்புறம் வைக்கலாகாது என்பது பழைய நம்பிக்கை. வேதாளத்தின் பெயரையும் அதற்குத் துணைக்கு அழைப்பார்கள். நம்பிக்கையைத் தள்ளிவிட்டாலும் காரணம் எஞ்சுகிறது. பருத்தாலும் தூணாகாத அந்த மரம் காற்றுக்கு முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது உறுதியான மரங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் போர்வை போர்த்தியதுபோல் அப்பிக்கிடந்து, இரவில் மேலேறி இலை தின்னும். செருப்பு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் அதை யாரும் விரும்பமாட்டார்கள். போத்து நட்டு வளரும் பழைய நெடுமரத்துக்கு மாற்றாக, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்னும் செடிமுருங்கையை விதையிட்டு, மூன்றடியில் வெட்டி வெட்டி வளர்த்தால், கைக்கெட்டும் உயரத்தில் கீரையும் காயும் கிடைக்கும், புயலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

பப்பாளியின் கதை இன்னும் நீளமானது. ஆண்மரம், பெண்மரம் என்று தனித்தனியே பிறக்கும் நாட்டு ரகங்களில் பூ வந்த பிறகே எது எது என்று தெரியும் என்பதால், ஒரு குழியில் மூன்று நாற்றுகள் நட்டு, நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் ஆண்பூக்களைக் காட்டிய மரத்தை நீக்கிவிடுவது வழக்கம். களிமண்ணில் இரண்டு நாள் நீர் தேங்கினாலே மரம் தலைசாய்ந்துவிடும். இவற்றை எல்லாம் பழகியிருந்த தோட்டக்காரர்களுக்கு 2008இல் புதிய சோதனை வந்தது: மெக்சிகோ பகுதியைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அவ்வாண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, மிக விரைவில் மாநிலமெங்கும் பரவி, பப்பாளி, செம்பருத்தி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடாமல் வெள்ளை மெழுகுப்பஞ்சாக மூடியது. அந்த மெழுகு காரணமாக மருந்து உடலில் ஒட்டாது. தெளித்தவர்கள் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். 2010இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம், அந்தப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மூன்று நுண்குளவி இனங்களைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, பெருக்கி, தமிழகத்தில் விடுவித்தது. கொசுவைவிடச் சிறிய அந்தக் குளவிகள் சில மாதங்களில் பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. இன்றும் வாசல் பப்பாளியில் வெள்ளைப் பஞ்சு தென்பட்டவுடன் பூச்சிமருந்துக் குப்பியை எடுப்பவர் முதலில் கொல்வது அந்தக் குளவியைத்தான். குழாய்நீரைப் பீய்ச்சி அடித்துவிட்டுச் சில நாள் பொறுப்பதே நல்லது.

வாசலில் விளைவதை உண்ணும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் கைவிடப்படும் வரை பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்டது. அது புகையோடு வெளியேறிச் சாலையோர மேல்மண்ணில் படிந்தது, ஈயம் மண்ணைவிட்டு எளிதில் நீங்குவதுமில்லை. ஆற்காடு சாலை போன்ற பழைய நெரிசல் சாலையை ஒட்டிய மனைகளில், மேல்மண்ணை அப்படியே பயன்படுத்தாமல் புதுமண் நிரப்பிய பாத்தியில் கீரை விதைப்பதும், கிழங்குகளைத் தவிர்ப்பதும், இலையைப் புழுதி போகப் பலமுறை அலசுவதும் விவேகம். மரத்தில் காய்க்கும் கனிகளுக்கு இந்தக் கவலை குறைவு.

வேறு நாடுகளில் முன்வாசல் பயிர் அரசியலாகவும் ஆகியிருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மயாமி ஷோர்ஸ் என்னும் சிற்றூர் 2013இல் வீட்டின் முன்புறம் காய்கறி வளர்ப்பதைத் தடைசெய்து, புல்தரையே அழகு என்று நிலைநாட்ட முயன்றது. நீதிமன்றங்களில் தோற்ற குடும்பத்தின் பக்கம் நின்று மாநிலச் சட்டமன்றம் 2019இல் அத்தகைய தடைகளையே செல்லாதாக்கியது. இலங்கையிலோ 2022 ஜூனில், பொருளாதாரம் முறிந்து உணவுத் தட்டுப்பாடு அச்சுறுத்தியபோது, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு அந்த அறிவுரை புதிதல்ல. கோடம்பாக்கத்தில் தடையும் இல்லை, ஊக்கமும் இல்லை. இங்கே முன்வாசல் மண்ணைக் குறைப்பது எந்தச் சட்டமும் அல்ல, பெருக்கித் துடைப்பதற்கு வசதி என்று பதிக்கப்படும் டைல்ஸ்தான்.

அடுக்ககங்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. முன்புற நிலம் எல்லா வீட்டாருக்கும் பிரிக்கப்படாத பங்காக உரியது என்பதால், ஒருவர் நட்ட கொய்யாவின் பழம் யாருக்கு என்பது சங்கக் கூட்டம் வரை போகும். வாழைக்குலை வெட்டும் நாளில் சீப்புகளைக் கணக்கிட்டுப் பங்கிடும் அடுக்ககங்களும் உண்டு. இந்தப் பூசல் எதற்கும் ஆளாகாத ஒரே பயிர் கறிவேப்பிலை. ஒருவர் எடுப்பது ஒரு கொத்து, எடுக்க எடுக்கத் தழைப்பது அதன் இயல்பு. கடைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் மிகுதி என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையை எல்லையில் கூடுதலாகச் சோதிக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்தது. கேட்டோரத்து மரத்துக்கு அந்தச் சோதனை வேண்டியதில்லை, சில இலைகளில் வண்ணத்துப்பூச்சியின் புழு கடித்திருக்கும், அவ்வளவே. பழுத்த கருநிறக் கனியின் விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடுமாதலால், சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். ஆனால் பெரும்பாலும் அந்த வேலைக்கும் அவசியம் நேர்வதில்லை. மரம் ஐந்தாறு ஆண்டு நின்றுவிட்டால், வேர் ஓடிய இடமெல்லாம், டைல்ஸ் இடுக்கிலும் சேம்பர் மூடியின் விளிம்பிலும்கூட, கன்றுகள் தலைகாட்டும். காவலாளி அவற்றைப் பிடுங்கி மதில்மேல் வைத்தால், மாலைக்குள் யாராவது ஒரு பழைய வாளியோடு வந்து எடுத்துப்போய்விடுவார்.